தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்: ஸ்டேட்டஸ் இருக்கு, லைசென்ஸ் இல்ல

அன்புள்ள தலைவர் அண்ணாவுக்கும், செயற்குழுல இருக்கிற அண்ணன் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

இத பொதுவுல எழுதலாமா இல்ல தனியா போன் பண்ணி சொல்லலாமான்னு யோசிச்சேன், தனியா சொன்னா "பார்க்கலாம் தம்பி"ன்னு அங்கயே முடிஞ்சிடும், அதனால பொதுவுலயே எழுதிடறேன். ஊர் பேரும் சங்கத்து பேரும் போடல. அமெரிக்காவுல எந்த ஊர் தமிழ்ச் சங்கமும் இத தனக்கு வந்த மடலாவே எடுத்துக்கலாம், கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

விஷயம் டிரைவிங் லைசென்ஸ். புதுசா ஓட்டக் கத்துக்கற விஷயமோ பேரலல் பார்க்கிங் விஷயமோ இல்ல. நல்லா ஓட்டத் தெரிஞ்ச, ஒழுங்கா வரி கட்டிட்டு வேலைக்குப் போயிட்டு இருக்கிற நம்ம பசங்க கிட்ட லைசென்ஸ் ஆபீஸ் கவுன்டர்ல "நீ சட்டப்படிதான் இங்க இருக்கியா, காட்டு"ன்னு கேக்கும்போது கையில இருக்கிற காகிதம் செல்லாம வீட்டுக்குத் திரும்பி வர்றாங்களே, அந்த விஷயம்.

உங்கள்ல பாதிப் பேர் தொண்ணூறுகள் கடைசில, ஒய்டூகே வேலைக்குன்னு வந்தவங்க. அப்ப பாஸ்போர்ட்டக் காட்டி ரோடு டெஸ்ட் ஓட்டினா பல ஸ்டேட்ல உள்ளூர்க்காரனுக்குக் குடுக்கிற மாதிரியே வருஷக்கணக்குல லைசென்ஸ் அடிச்சுக் குடுத்துட்டாங்க. கொஞ்ச வருஷத்துல கிரீன் கார்டு, அப்புறம் சிட்டிசன்ஷிப், இப்ப லைசென்ஸ் ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்குன்னே மறந்திருக்கும். அதனால இப்ப வர்ற பசங்க இத ஒரு பெரிய விஷயமா சொல்லும்போது உங்களுக்கு வியப்பா இருக்கறது நியாயம்தான். ஆனா நடுவுல சட்டமும் மாறிப்போச்சு, கிரீன் கார்டு கியூவும் மாறிப்போச்சு. வேலை வழியா வருஷத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு உச்சவரம்பு, இந்தியாவுல பொறந்தவன் ஈபி-2, ஈபி-3ங்கற வேலை வழி கிரீன் கார்டு வரிசைல போய் நின்னா எப்ப கைக்கு வரும்னு ஜோசியக்காரன்கூட சொல்ல மாட்டான். அதுவரைக்கும் எச்1பிங்கற வேலை விசாவுக்கு எக்ஸ்டென்ஷன், ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூணு வருஷம். எக்ஸ்டென்ஷன் வர்றப்பல்லாம் லைசென்ஸும் ரினியூ பண்ணணும்.

சட்டம் எப்படி மாறிச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 9/11 கடத்தல்காரங்க 19 பேர்ல ஒருத்தனத் தவிர மத்த எல்லார்கிட்டயும் ஏதோ ஒரு அமெரிக்க அடையாள அட்டை இருந்துச்சுன்னு விசாரணைக் கமிஷன் 2004ல அறிக்கை குடுத்துச்சு. அதுக்குப் பின்னாடி வந்ததுதான் ரியல் ஐடி சட்டம், லைசென்ஸ் குடுக்க ஸ்டேட்டுங்க என்னென்ன சரிபார்க்கணும்னு சொல்ற பெடரல் சட்டம், 2005 மே 11ல புஷ் கையெழுத்துப் போட்டாரு. இதுல ஒரு கூத்து இருக்கு. செனட்ல இத தனியா எடுத்து உருப்படியா ஒரு விவாதம்கூட நடக்கல. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கற மசோதாவோட வால்ல கட்டி விட்டுட்டாங்க, போருக்கும் நிவாரணத்துக்கும் எந்த செனட்டர் வேணாம்பாரு, 100க்கு 0ன்னு பாஸ் ஆச்சு. ஆமா, 2004 டிசம்பர் 26ல நாகப்பட்டினத்துலயும் முல்லைத்தீவுலயும் அடிச்ச அதே சுனாமிதான், மசோதாவோட முழுப் பேர்லயே அது இருக்கு. நாகப்பட்டினத்துல இருந்து வந்து இங்க லைசென்ஸ் ஆபீஸ்ல டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கற பையனுக்கு இத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

ஏர்போர்ட்ல அமல்படுத்தறத 2008ல இருந்து தள்ளித் தள்ளி கடைசில 2025 மே 7க்குத்தான் ஆரம்பிச்சாங்க. அந்த சமயத்துல நம்ம வாட்ஸாப் குரூப் எல்லாத்துலயும் "ஸ்டார் போட்ட லைசென்ஸ் (அதான் ரியல் ஐடி கார்டு) இல்லன்னா பிளைட் ஏற விடமாட்டானாம்"னு ஒரே பதட்டம். இந்தியன் பாஸ்போர்ட்ட காட்டினாலே உள்ளூர் பிளைட்டுக்கு விடுவாங்க, அதுக்கு ஸ்டார் தேவையில்ல. உண்மையான சிக்கல் ஏர்போர்ட்ல இல்ல, லைசென்ஸ் ஆபீஸ்ல, அங்க இது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு.

ரியல் ஐடி விதிப்படி நம்மள மாதிரி தற்காலிக விசாக்காரங்களுக்கு லிமிடெட் டேர்ம் லைசென்ஸ்தான் குடுக்கணும். இந்த நாட்டுல தங்க எந்தத் தேதி வரைக்கும் அனுமதி இருக்கோ அந்தத் தேதியோட லைசென்ஸும் செத்துப் போயிடும். முடிவு தேதி இல்லாத ஸ்டேட்டஸ், அதாவது தங்கற அனுமதின்னா, ஒரு வருஷம்தான். கார்டு மேலயே தற்காலிகம்னு அச்சடிச்சும் இருக்கும், வீடு வாடகைக்குக் கேட்டுப் போனா அந்த வார்த்தையப் பார்த்துட்டு "நீங்க எப்ப கிளம்புவீங்க"ன்னு லீசிங் ஆபீஸ் பொண்ணு கேக்கும். ரினியூ பண்ண ஒவ்வொரு தடவையும் நேர்ல போகணும், புதுக் காகிதத்தோட போகணும்.

இங்கதான் அந்த ஓட்டை. எச்1பி முடியறதுக்குள்ள கம்பெனி எக்ஸ்டென்ஷன் போட்டுட்டா, பழைய தேதி தாண்டினாலும் அதே கம்பெனில 240 நாள் வரைக்கும் வேலை பாக்கலாம்னு பெடரல் விதி சொல்லுது. சம்பளம் வரும், வரி பிடிப்பாங்க, எல்லாம் சட்டப்படி. ஆனா லைசென்ஸ் பழைய தேதியோடயே முடிஞ்சு போச்சு. ரினியூ பண்ணப் போனா அப்ரூவல் எங்கன்னு கேப்பாங்க, கையில இருக்கறது மனு போட்டதுக்கான ரசீது மட்டும்தான். கிரீன் கார்டுக்கான கடைசி மனு, ஐ-485, போட்டு நிலுவைல இருந்தா அத ரியல் ஐடி சட்டமே சட்டபூர்வ ஸ்டேட்டஸ் பட்டியல்ல பேர் சொல்லி சேர்த்திருக்கு, நிலுவைல இருக்கற அசைலம், அதாவது அடைக்கலம் கேக்கற மனுவும் அந்தப் பட்டியல்ல இருக்கு (ஈழத்துல இருந்து வந்து கேஸ் நடத்திட்டு இருக்கறவங்க இத தெரிஞ்சு வச்சுக்கங்க). ஆனா நிலுவைல இருக்கற எச்1பி எக்ஸ்டென்ஷன் அந்தப் பட்டியல்ல இல்ல. அதனால சில ஸ்டேட் ரசீதப் பார்த்துட்டு கொஞ்ச மாசம் நீட்டிக் குடுக்கறாங்க, சில ஸ்டேட் கைய விரிச்சிடறாங்க, ஒரே ஸ்டேட்ல ஒரு ஆபீஸ் குடுக்கும் இன்னொரு ஆபீஸ் குடுக்காது. ஆக மொத்தம் ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பாக்க அனுமதி உண்டு, ஆபீஸுக்கு கார் ஓட்டிட்டுப் போக அனுமதி இல்ல. பஸ்ஸே இல்லாத ஊர்ல.

சரி, இத அரசாங்கத்துக்கிட்ட போய் சொல்லு, சங்கத்துக்கிட்ட ஏன் சொல்றன்னு கேப்பீங்க. சொல்றேன், இதுக்குத்தான் இவ்வளவு பீடிகை.

எக்ஸ்டென்ஷன் மனுவ எச்1பி முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே போடலாம். ஆறு மாசம் முன்னாடியே போட்டா சாதாரண வேகத்துலயே பெரும்பாலும் தேதிக்குள்ள அப்ரூவல் வந்துடும், அப்படியும் வரலன்னா பிரீமியம்னு ஒண்ணு இருக்கு, 2,800 டாலருக்கு மேல ஆகும், 15 வேலை நாள்ல பதில் சொல்லியாகணும். அப்புறம் ஏன் நம்ம பசங்க மாசக்கணக்குல லைசென்ஸ் இல்லாம அலையறாங்க? கம்பெனி கடைசி மாசத்துலதான் மனு போடுது. லாயருக்கு பில் லேட்டா குடுக்கலாம், பையன் நடுவுல வேற கம்பெனிக்கு தாவிடுவானோன்னு ஒரு பயம், கிளையன்ட் லெட்டர் வரலன்னு ஒரு சாக்கு, பிரீமியம் போடுங்கன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறது. அப்ரூவல் வந்தாலும் அந்த ஒரிஜினல் காகிதம், ஐ-797, கம்பெனி டிராயர்ல தூங்கும், பையனுக்கு பிடிஎஃப் மட்டும் வரும், கவுன்டர்ல பிடிஎஃப் பிரின்ட்அவுட் எடுபடாது. பெரிய கம்பெனிகள்லயும் தாமதம் உண்டு, மறுக்கல. ஆனா நான் பாத்த வரைக்கும், பேசின பசங்க சொன்ன வரைக்கும், மோசமானது சின்ன சின்ன கன்சல்டன்சிங்கதான். அதுல நிறைய நம்ம ஆளுங்க நடத்தறது. நம்ம விழா மேடைக்குப் பின்னாடி தொங்கற பேனர்ல பிளாட்டினம் ஸ்பான்சர், கோல்டு ஸ்பான்சர்னு லோகோ போடறமே, அந்த ரகம்தான்.

யாரையும் குறிப்பிட்டு சொல்லல. நல்லா நடத்தறவங்களும் இருக்காங்க, தேதிய கேலண்டர்ல போட்டு வச்சு அவங்களே கூப்பிட்டு ஞாபகப்படுத்தற முதலாளியையும் எனக்குத் தெரியும். ஆனா இந்தப் பேச்ச சங்கத்துல யாரும் எடுக்காததுக்குக் காரணம் அந்த பேனர்தான்னு நான் நினைக்கறேன், தப்பா இருந்தா நேரடியாவே சொல்லுங்க.

கவுன்டர்ல என்ன நடக்குதுன்னு பாக்காதவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். எங்க அபார்ட்மென்ட்ல இருக்கற தம்பி ஒருத்தனுக்கு லைசென்ஸ் முடிஞ்சு போச்சு, அவன் ஓட்டக் கூடாதே, அதனால நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவனுக்கு அப்ரூவல் வந்தாச்சு, ஒரிஜினலும் கையில இருக்கு, எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல வரிசையா போட்டு கல்யாண ஆல்பம் மாதிரி கொண்டு வந்திருந்தான். கவுன்டர்ல இருந்த அம்மா பாஸ்போர்ட்டப் புரட்டி விசா ஸ்டாம்ப் மேல விரல வச்சாங்க, "இது போன வருஷமே முடிஞ்சிருச்சே." ஸ்டாம்ப் நாட்டுக்குள்ள வர்றதுக்கு மட்டும்தான், தங்கறதுக்கு எந்தத் தேதி வரைக்கும்னு சொல்ற ஐ-94 பதிவுதான் கணக்குன்னு தம்பி சொன்னான். சரி ஐ-94 குடுன்னாங்க. இவன் அரசாங்க வெப்சைட்ல எடுத்த பிரின்ட்அவுட்டக் குடுத்தான், அதுல பழைய தேதி. கடைசியா ஏர்போர்ட்ல இறங்கினப்ப போட்ட தேதி அது, உள்ள இருந்துகிட்டே எக்ஸ்டென்ஷன் வாங்கினா அந்த வெப்சைட்ல மாறாது, புது ஐ-94 அப்ரூவல் காகிதத்துக்கு அடில, கிழிச்சு எடுக்கற துண்டா இருக்கும். அந்தக் காகிதத்த நீட்டினா அந்த அம்மா, "இது வெறும் ரசீதுப்பா, ரசீது எடுத்துக்க மாட்டோம்." ஐ-797ஏ அப்ரூவல், ஐ-797சி ரசீதுக்கு வர்றது, ரெண்டுக்கும் தலைப்பு ஒண்ணுதான், நோட்டீஸ் ஆஃப் ஆக்ஷன்னு, கடைசி எழுத்து மட்டும் வேற, அதுவும் ஓரத்துல பொடி எழுத்துல. அவங்க மேல கோவம் வரல. ஒரு நாளைக்கு எத்தன நாட்டு எத்தன விதக் காகிதத்த அவங்க பாக்கணும், அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? சூப்பர்வைசர் வந்து சேவ்னு ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுல நம்பர அடிச்சாரு. கொஞ்ச நேரத்துல புதுத் தேதியோட சரின்னு வந்துடுச்சு, அவ்வளவுதான் விஷயம். நான் கூட இருந்து "சூப்பர்வைசரக் கூப்பிடுங்க"ன்னு சொல்லலன்னா தம்பி காகிதத்த மடிச்சுகிட்டு வெளிய வந்திருப்பான், அவன் சுபாவம் அப்படி. நம்ம பசங்க பாதிப் பேர் சுபாவம் அப்படித்தான், யூனிபார்ம் போட்டவங்க இல்லன்னா இல்லதான்னு வந்துடுவாங்க.

சேவ்ங்கறது என்னன்னு கேட்டா, ஒருத்தரோட இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ ஸ்டேட் ஆபீஸ்கள் பெடரல் அரசாங்கத்துகிட்ட கம்ப்யூட்டர் வழியா சரிபார்க்கற ஏற்பாடு. 1986 சட்டத்துல அரசாங்க உதவித்தொகைக்கு வர்றவங்கள சோதிக்கறதுக்குன்னு ஆரம்பிச்சது, இன்னிக்கு லைசென்ஸுக்கும் அதான். முதல் தடவையே நம்பரும் பேரும் பிறந்த தேதியும் பொருந்திட்டா சில நொடில பதில். பொருந்தலன்னா கூடுதல் சரிபார்ப்புன்னு போகும், மனுஷங்க உட்கார்ந்து பாப்பாங்க, நாள்கணக்கு ஆகும், சில சமயம் வாரக்கணக்கு. இதுல நம்ம பசங்களுக்குத் தெரியாத ரெண்டு விஷயம் இருக்கு. சேவ் கூடுதல் சரிபார்ப்பு கேட்டா, அத பண்ணாம ஸ்டேட் ஆபீஸ் நேரா "கிடையாது"ன்னு சொல்லக் கூடாது. அப்புறம், கேஸ் எங்க நிக்குதுன்னு கேஸ்செக்னு ஒரு பக்கத்துல நாமளே பிறந்த தேதியும் கேஸ் நம்பரும் போட்டுப் பாக்கலாம், ஆபீஸுக்கு போன் போட்டு ஹோல்டுல பாட்டுக் கேட்டுட்டு உட்கார வேண்டியதில்ல. இவ்வளவு சாதாரண தகவல், நம்ம சங்க மலர்ல கோலப்போட்டி ரிசல்ட்டுக்குப் பக்கத்துல கால் பக்கம் போட்டிருந்தாக்கூட எத்தன பேருக்கு உதவியிருக்கும்.

பொருந்தாமப் போறதுக்கு நம்மளுக்குன்னே ஒரு காரணம் இருக்கு, பேர். தெலுங்குக்காரங்களுக்கு வீட்டுப் பேர் இருக்கு, குஜராத்திக்காரங்களுக்கு குடும்பப் பேர் இருக்கு, நம்மளுக்கு இனிஷியல். ஊர்ல பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்த காலியா விட்டுட்டு முழுப் பேரையும் கிவன் நேம்ல போட்டுடறோம். அமெரிக்க விசா அடிக்கும்போது அந்தப் பேர் சர்நேம் ஆயிடும், முதல் பேர் இருக்க வேண்டிய எடத்துல எப்என்யூ, அதாவது முதல் பேர் தெரியலன்னு. முருகேசன்னு அப்பா அம்மா ஆசையா வச்ச பையன் இங்க எப்என்யூ முருகேசன். லைசென்ஸ்லயும் பேங்க்லயும் அதே மூணு எழுத்து, ஆபீஸ்ல புதுசா சேர்ந்த மேனேஜர் "ஹாய் எப்என்யூ"ன்னு மெயில் அனுப்புவாரு. அது சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா ஒரு எடத்துல எப்என்யூவோட, ஒரு எடத்துல இல்லாம, ஒரு எடத்துல அப்பா பேரோடன்னு காகிதத்துக்குக் காகிதம் மாறினா கம்ப்யூட்டர் எப்படி ஒரே ஆள்னு சொல்லும்? இங்க வந்தப்புறம் திருத்தறது பெரும்பாடு. ஊர்லயே, விசாவுக்கு முன்னாடியே, அப்பா பேர சர்நேம்ல போட்டு பாஸ்போர்ட்ட மாத்திட்டு வாங்கன்னு புதுசா வர்றவங்களுக்கு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ஏன் சங்கமா இருக்கக் கூடாது?

அடுத்து எச்4ல, அதாவது எச்1பிக்காரரோட மனைவின்னு வர்ற விசால இருக்கற பொண்ணுங்க. நான் சொல்றதுலயே ரொம்பக் கஷ்டம் இவங்களுக்குத்தான், செயற்குழு அக்காமார் இதக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. புருஷனோட தேதிதான் இவங்களுக்கும் தேதி, ஒரே நாள்ல ரெண்டு பேர் லைசென்ஸும் முடியும், அதனால "அவர் ஓட்டட்டும், நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்"னும் இல்ல, "நான் ஓட்டறேன்"னும் இல்ல. புருஷன் மனுவுக்கு பிரீமியம் போட்டா பொண்டாட்டி மனுவையும் கூடவே சேர்த்து முடிச்சுக் குடுக்கணும்னு 2023 ஜனவரில ஒரு கோர்ட் கேஸ்ல ஒப்பந்தம் ஆச்சு, அது ரெண்டு வருஷத்துக்கு மட்டும், 2025 ஜனவரியோட முடிஞ்சு போச்சு. இப்ப புருஷனுக்கு 15 வேலை நாள்ல அப்ரூவல் வந்துட்டாலும் பொண்டாட்டி மனு தனியா மாசக்கணக்குல தூங்கலாம். வீட்ல ஒரு லைசென்ஸ்தான், அத வச்சுகிட்டு அவர் ஆபீஸ் போயிடுவாரு. பள்ளிக்கூடத்துல இருந்து "குழந்தைக்கு ஜுரம், வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு போன் வந்தா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? சாவிய எடுத்துட்டுக் கிளம்பத்தான் செய்யும். எந்த அம்மாவும் கிளம்புவா.

முதல் தடவை லைசென்ஸ் எடுக்கறதே அவங்களுக்கு ஒரு திருவிழா. வேலை பாக்க அனுமதி இல்லாததால சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடைக்காது, ஆனா லைசென்ஸ் ஆபீஸ் அத கேக்கும், அதனால முதல்ல சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போய் "இவங்களுக்கு நம்பர் குடுக்க முடியாது"ன்னு ஒரு லெட்டர் வாங்கணும். கிடையாதுங்கறதுக்கு ஒரு சர்டிபிகேட், அதையும் வரிசைல நின்னு வாங்கிட்டு வரணும். அதுக்கப்புறம் விலாசத்துக்கு ரெண்டு ஆதாரம். வாடகை ஒப்பந்தம் புருஷன் பேர்ல, கரண்ட் பில் புருஷன் பேர்ல, இன்டர்நெட் புருஷன் பேர்ல. இந்த வீட்டுலதான் இருக்கேன்னு நிரூபிக்க அந்தப் பொண்ணுகிட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. வந்த முதல் வாரமே லீஸ்ல பேர் சேர்த்து, ஏதாவது ஒரு பில்ல அவங்க பேர்ல மாத்தி, ஜாயின்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ணி வச்சுட்டா பிரச்சனையே இல்ல. யாராவது சொல்லியிருந்தா.

"லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆனா என்ன, போலீஸ் புடிக்காத வரைக்கும் ஓட்ட வேண்டியதுதான்"னு நம்ம பெரியவர் ஒருத்தர் போன பொதுக்குழுல டீ குடிச்சுட்டே சொன்னாரு. அவர் சிட்டிசன், அவருக்கு அது அபராதத்தோட போயிடும். நம்ம பசங்களுக்கு அப்படிப் போகாது. செல்லுபடியாகற லைசென்ஸ் இல்லாம ஓட்டறது பல ஸ்டேட்ல மிஸ்டிமீனர், அதாவது சின்ன கிரிமினல் குற்றம், சில ஸ்டேட்ல கூட்டிட்டுப் போய் விரல் ரேகையே எடுப்பாங்க. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஒவ்வொரு தடவை விசா ஸ்டாம்பிங் பாரம் நிரப்பும்போதும் "எப்பவாவது கைது ஆகியிருக்கீங்களா"ங்கற கேள்விக்கு ஆமான்னு போட்டுட்டு சென்னை கான்சுலேட் ஜன்னல்ல நின்னு விளக்கணும். 2025 ஏப்ரல்ல ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களோட செவிஸ் ரெக்கார்ட, அதாவது அரசாங்கம் வச்சிருக்கற மாணவர் விசாப் பதிவ, வெட்டினாங்களே, அதுல டிராஃபிக் டிக்கெட்ட தவிர வேற ஒண்ணுமே இல்லாதவங்களும் இருந்தாங்க. கோர்ட்ல கேஸ் மேல கேஸ் விழுந்தப்புறம் அந்த மாசக் கடைசில திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க, ஆனா அதுக்குள்ள மூட்ட கட்டிட்டு ஊருக்குப் போனவங்க போனதுதான். ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் லைசென்ஸ் தேதியத்தான் முதல்ல பாப்பான், அது தனிக் கதை.

இன்னொரு விஷயம், இது சில பேருக்குப் பிடிக்காது. நம்ம குரூப்ல "நாங்க லீகலா வந்தவங்க, பேப்பரே இல்லாதவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்கறான் பாரு"ன்னு ஒரு பார்வர்ட் அடிக்கடி சுத்தும். நியூயார்க்ல 2007ல கவர்னர் ஸ்பிட்சர் அப்படி ஒரு திட்டம் கொண்டு வந்தாரு, எதிர்ப்பு தாங்காம அந்த வருஷமே வாபஸ் வாங்கிட்டாரு. அதோட விடல அந்த ஜனங்க. ஹோட்டல்ல தட்டு கழுவறவங்க, பண்ணைல ஆப்பிள் பறிக்கறவங்க, வீடு வீடா சுத்தம் பண்றவங்க, இவங்கல்லாம் ஸ்டேட் தலைநகர் ஆல்பனிக்கு பஸ் புடிச்சுப் போய் வருஷா வருஷம் கேட்டாங்க, 2019ல சட்டம் பாஸ் ஆச்சு, அந்த டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. நியூ ஜெர்சிலயும் 2019 டிசம்பர்ல கையெழுத்தாகி 2021 மே 1ல இருந்து நடக்குது. அந்த ரெண்டு ஸ்டேட்லயும் ஸ்டாண்டர்ட் லைசென்ஸுக்கு இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் காகிதம் கேக்கறதில்ல. அதாவது நியூ ஜெர்சி எடிசன்ல எச்1பி ரசீத மட்டும் கையில வச்சிருக்கற நம்ம பையனும் போய் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் எடுக்கலாம், பிளைட்டுக்கு பாஸ்போர்ட் இருக்கு. அவங்க நடந்து நடந்து போட்ட பாதைல நம்ம கார் ஓடுது. அவங்களக் கேலி பண்ணி பார்வர்ட் போடறதுக்கு முன்னாடி இத நினைச்சுப் பாருங்கன்னு மட்டும் சொல்லிக்கறேன். பேப்பர் இல்லாதவங்களே அவ்வளவு தூரம் போய்க் கேட்டிருக்காங்க, ஓட்டுரிமையோட உட்கார்ந்திருக்கற நாம நம்ம ஸ்டேட்ல ஒரு தடவை கேட்டோமா?

பாதுகாப்பு வேணாம், யாரையும் சோதிக்காதீங்கன்னு நான் சொல்லல. சோதிக்கட்டும். சேவ்ல நம்பர் போட்டா நிலுவைல இருக்கற மனு உண்மையா பொய்யான்னு அரசாங்கத்துக்கே தெரியும், அரசாங்கமே குடுத்த ரசீது அது. நாம கேக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: எக்ஸ்டென்ஷன் நேரத்துக்குப் போட்டு ரசீது இருந்தா, அந்த 240 நாளைக்கு, இல்ல பதில் வர்ற வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் லைசென்ஸ ஸ்டேட் நீட்டிக் குடுக்கணும், எச்4க்கும் சேர்த்து. ரியல் ஐடி கார்டாவே குடுக்கணும்னு இல்ல. பெடரல் உபயோகத்துக்கு செல்லாதுன்னு மேல எழுதி ஸ்டேட்டுங்க வேற லைசென்ஸ் குடுத்துக்கலாம்னு அந்தச் சட்டத்துலயே இடம் இருக்கு. வாஷிங்டன் வரைக்கும் போக வேண்டாம், நம்ம ஸ்டேட் கேப்பிட்டல்லயே முடியற வேலை. நம்ம பகுதி ஸ்டேட் ரெப்ரசென்டேட்டிவ் பொங்கல் விழாவுக்கு வந்தாரு, வேட்டி கட்டி விட்டோம், குத்துவிளக்கு ஏத்த வச்சோம், போட்டோ எடுத்தோம், அவர் "வணக்கம்"னு சொன்னதுக்கு ஹாலே கை தட்டுச்சு. அடுத்த தடவை வரும்போது ஒரு பக்கக் கடிதத்த கையில குடுங்க. சிட்டிசனா இருக்கற உங்கள்ல பத்துப் பேர் கையெழுத்து போட்டா போதும், எங்க கையெழுத்துக்கு அங்க அவ்வளவு மதிப்பு இல்ல, அது உங்களுக்கும் தெரியும்.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வர்றேன். ஸ்பான்சர்ஷிப் பாரத்துல ரெண்டு வரி சேருங்க: எங்க ஊழியர்களுக்கு எச்1பி எக்ஸ்டென்ஷன் மனு திறக்கற மாசத்துலயே போடுவோம், அப்ரூவல் வந்த வாரமே ஒரிஜினல் ஐ-797ஐ ஊழியர் கையில சேர்ப்போம். கையெழுத்து போடறவங்களுக்கு பேனர். போட மாட்டேங்கறவங்க காசு எதுக்கு நம்மளுக்கு? பின்னணிப் பாடகர் ஒருத்தர் கம்மியா வருவாரு, பரவால்ல, நம்ம பசங்களே நல்லாப் பாடறாங்க. இதுக்கு செயற்குழுல எதிர்ப்பு வரும், ஏன்னா செயற்குழுலயே கன்சல்டன்சி நடத்தறவங்க இருக்கீங்க. அதனாலதான் உங்களால முடியும்னு நினைக்கறேன், வெளிய இருந்து நான் போய்ச் சொன்னா யார் கேப்பா.

மத்தபடி மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை காலைல, தமிழ்ப்பள்ளி நடக்கற நேரத்துலயே, ஹால் ஓரத்துல ஒரு மேஜை. பிள்ளைங்கள விட வர்ற அப்பா அம்மா காகிதத்த எடுத்துட்டு வந்தா எது ரசீது எது அப்ரூவல், எந்த ஐ-94, பேர் எங்க மாறியிருக்கு, எப்ப அப்பாயின்ட்மென்ட் போடணும்னு பாத்துச் சொல்ல ஆள் இருக்கோம். லாயர் வேலை நாங்க பாக்கல, லாயர்கிட்ட போக வேண்டிய கேஸ்னா அதையும் சொல்லிடுவோம். முதல் தடவை லைசென்ஸ் ஆபீஸ் போற பொண்ணுங்களுக்கு கூட ஒரு அக்கா போய் வர முடிஞ்சா இன்னும் நல்லது, ரெண்டு அக்கா ஏற்கனவே சரின்னுட்டாங்க.

அடுத்த செயற்குழுக் கூட்டத்து அஜெண்டால இத சேருங்க. ஸ்பான்சர் பாரம், ரெப்ரசென்டேட்டிவுக்குக் கடிதம், சனிக்கிழமை மேஜை, மூணையும் தனித்தனியா ஓட்டுக்கு விடுங்க, மேஜைய மட்டும் ஏத்துக்கிட்டு மத்த ரெண்டையும் ஒத்தி வைக்கறதுக்கு வழி இல்லாம யார் எதுக்கு கை தூக்கினாங்கன்னு மினிட்ஸ்ல எழுதுங்க. கடிதத்தோட வரைவு நான் எழுதி வச்சிருக்கேன், கேட்டா இன்னிக்கே அனுப்பறேன்.

இப்படிக்கு,
வருஷா வருஷம் சந்தா கட்டற, ஓட்டுரிமை இல்லாத ஒரு உறுப்பினர்